தூரத்தைச் செதுக்குவது

லினோவுக்குச் சாம்பல் நிறம் தெரியாது. லினோலியப் பலகையில் மை பட்ட இடம் கறுப்பு, செதுக்கி எடுத்த இடம் வெள்ளை. நடுவில் ஒன்றும் கிடையாது. முகம், மாடு, தேர், கோபுரம் என்று அருகில் நின்று பார்ப்பவற்றுக்கு இந்தக் கண்டிப்பு நன்றாகவே ஒத்துவரும். நிழலைக் கறுப்பாக விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் தோண்டி எடுத்தால் உருவம் எழுந்துவிடும். மலைத்தொடர் இதற்கு அடங்காது. கார்த்திகை மாதத்துக் காலையில் ஜவ்வாது மலையின் முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கண்ணில் படுவதில் பாதிதான் மலை. மீதி, நமக்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் காற்று. அந்தக் காற்று முழுவதும் சாம்பல்.

நான் லினோவுக்குக் கொண்டுவர எடுத்துக்கொண்டது அப்படிக் காற்று நிறைந்த ஒரு நீர்வண்ண ஓவியம். ஓவிய ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர், போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலையில் ஒரு வளைவில் உட்கார்ந்து வரைந்தது. முன்னால் ஒரு பாறையும் புளியமரமும். அதற்குக் கீழே சரிவில் படிப்படியாகச் சாமைக் கொல்லைகள், புல் வேய்ந்த இரண்டு வீடுகள். அப்புறம் மலை, அதன் பின்னால் மலை, அதற்கும் பின்னால் மலை. கடைசி முகடு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. கிட்டத்து மலைக்கு வண்ணத்தைக் கெட்டியாகப் போட்டிருந்தார். அடுத்ததற்குக் கொஞ்சம் தண்ணீர் கூட்டியிருந்தார், அதற்கடுத்ததற்கு இன்னும் கொஞ்சம். கடைசி மலை ஏறக்குறைய வெறும் தண்ணீர். காய்ந்தபிறகு தாளில் ஒரு நீலச் சாயல் மட்டும் தங்கியிருந்தது. அவர் தூரத்தைத் தண்ணீரால் அளந்திருந்தார்.

இதை லினோவில் செய்யட்டுமா என்று கேட்டேன். “தாராளமா எடுத்துக்குங்கண்ணே. ஆனா இதுல இருக்கறது பூரா தண்ணி. உளிய வச்சு என்ன பண்ணுவீங்க?” என்றார். சரியான கேள்வி. ஓவியத்தைப் பார்த்து லினோகட் செய்கிற எவருக்கும் உரிய கேள்வி அதுதான்.

முதலில், தூரம் மலையை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். நமக்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் காற்றில் ஈரமும் தூசியும் மிதக்கின்றன. அவை வெயிலைச் சிதறடிக்கின்றன. சிதறிய வெளிச்சம் மலைக்கு முன்னால் மெல்லிய திரையாக விழுகிறது. அந்தத் திரை வெளிச்சமான இடங்களைவிட நிழலான இடங்களைத்தான் அதிகம் மாற்றுகிறது. கிட்டத்து மலையில் கன்னங்கறேலென்று இருக்கும் பள்ளம், எட்டத்து மலையில் வெளிறிப்போகிறது. மேடும் பள்ளமும் ஒரே நிறத்துக்கு வந்துவிடுகின்றன. கூடவே விவரங்கள் உதிர்கின்றன: முதலில் இலை, பிறகு மரம், பிறகு பாறை, கடைசியில் முகட்டின் கோடு மட்டும். ஆக, தூரம் இரண்டு காரியங்களைச் செய்கிறது. கறுப்பைக் குறைக்கிறது, விவரத்தைத் தின்கிறது. இரண்டாவதை லினோ எளிதாகச் செய்யும். விவரத்தைச் செதுக்காமல் விட்டால் போதும். முதலாவதுதான் சிக்கல்.

இதே மலையில் இந்தக் காற்றைத் தொந்தரவாகப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆலங்காயத்தை அடுத்த காவலூரை வானியலாளர் வைனு பாப்பு வானாய்வுக்குத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஊர் வெளிச்சம் எட்டாத காடும் தெளிந்த வானமும். அங்கே 1986இல் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நடுவில் இருக்கும் காற்று குறுக்கே வராமல் இருந்தால் போதும் என்பது வானியலாளரின் வேண்டுதல். நிலக்காட்சி வரைகிறவருக்கோ அந்தக் காற்றுதான் சரக்கு. அதை எடுத்துவிட்டால் அத்தனை மலையும் ஒரே மலையாக வந்து முன்னால் நின்றுவிடும்.

மலைக்காட்சியை அச்சுக்குக் கொண்டுவரும் வேலை இந்தப் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. 1792இல், திப்புவிடமிருந்து பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போன அதே ஆண்டில், ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் சென்னையிலிருந்து தெற்கே கிளம்பி அந்தச் சீமை வழியாகப் போனார்கள். திருப்பத்தூரும் கிருஷ்ணகிரியும் சேர்ந்த அந்தச் சீமைக்குக் கிழக்கு மதில் ஜவ்வாது மலைதான். இந்தியப் பயணங்களில் தீட்டிய படங்களை லண்டனுக்குக் கொண்டுபோய்ச் செப்புத் தகட்டில் ஏற்றி, ‘ஓரியண்டல் சீனரி’ என்ற பெயரில் 1795 முதல் 1808 வரை 144 படங்களாக வெளியிட்டார்கள். ராயக்கோட்டையின் மலைக்கோட்டை அதில் உண்டு. அவர்கள் கையாண்ட முறை அக்வாடின்ட். தகட்டின் மேல் பிசின் தூளைத் தூவிச் சூடுகாட்டி ஒட்டவைத்து, அமிலத்தில் இறக்குவார்கள். தூளின் மணிகளுக்கு இடையில் அமிலம் புகுந்து செம்பை அரிக்கும். கொஞ்ச நேரம் அரித்தால் வெளிர் சாம்பல், நெடுநேரம் அரித்தால் அடர் கறுப்பு. எட்டத்து மலையைச் சீக்கிரமே அமிலம் படாமல் மூடிவிட்டு, கிட்டத்து மலையைத் தொடர்ந்து அரிக்க விட வேண்டும். நண்பர் தண்ணீரால் அளந்ததை அவர்கள் நேரத்தால் அளந்தார்கள்.

எனக்குத் தண்ணீரும் இல்லை, அமிலமும் இல்லை. ஒவ்வொரு ஊடகத்துக்கும் தூரத்தை அளக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. லினோவின் அளவுகோல் எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஓவியத்தின் தோற்றத்தை அப்படியே பெயர்க்கப் பார்த்தால் தோற்றுவிடுவோம். அதன் அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு நம் அளவுகோலில் மாற்றி எழுத வேண்டும்.

பொருளைப் பற்றிக் கொஞ்சம். லினோலியம் தரைவிரிப்பாகப் பிறந்தது. ஆளி விதை எண்ணெய் காற்றுப்பட்டால் தோல் கட்டிக் கெட்டியாகும். இங்கிலாந்தில் பிரடெரிக் வால்டன் 1860களில் அந்தக் கெட்டியான எண்ணெயோடு தக்கைத் தூளையும் கலந்து, சணல் துணியின் மேல் பரப்பி உருவாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓவியர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். வியன்னாவில் பிரான்ஸ் சிசெக் குழந்தைகளுக்கு அதில் செதுக்கக் கற்றுக்கொடுத்தார். நம் நாட்டில் நந்தலால் போஸ் 1930இல் செய்த, கோலூன்றி நடக்கும் காந்தியின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு, அது லினோகட். கறுப்பு வெளியில் சில வெள்ளைக் கோடுகள், ஆள் நடந்துவிடுகிறார். வங்கத்துச் சித்தப்பிரசாத் பட்டினியையும் உழைப்பையும் லினோவில் செதுக்கினார். ஹரேன் தாஸ் மரத்திலும் லினோவிலும் வங்க கிராமத்து வெளிச்சத்தை நூலிழைக் கோடுகளால் நெய்தார். மலைக்கு வழி தேடுகிறவர்கள் போஸைவிட ஹரேன் தாஸிடம்தான் அதிகம் போக வேண்டியிருக்கும்.

இன்று தரைவிரிப்புக் கடையில் லினோலியம் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக். அது உளிக்கு வழுக்கும், மையையும் சீராக வாங்காது. நல்ல லினோவின் முதுகில் சணல் துணி இருக்கும். முகர்ந்தால் எண்ணெய் வாசம் வரும். மரத்தைப்போல அதற்கு நார் ஓட்டம் கிடையாது. எந்தத் திசையிலும் உளி ஒரே மாதிரி போகும். மரத்தில் செதுக்குகிறவருக்கு நார் சில இடங்களில் தடுக்கும், சில இடங்களில் வழிகாட்டும். லினோ தடுக்காது, வழியும் காட்டாது. கோட்டின் திசையை முழுக்க நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

மலைமேல் வேலைசெய்ய நினைத்தால் குளிரைக் கணக்கில் கொள்ள வேண்டும். மார்கழிக் காலையில் ஜமுனாமரத்தூரில் லினோ விறைத்துப்போகும். உளி போட்டால் ஓரம் பொடிப்பொடியாக உதிரும். வெயில் ஏறியதும் பாறைமேல் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் இளகிக்கொடுக்கும். அதிகம் சூடேறினால் குழைந்து, கோட்டின் விளிம்பு மழுங்கும். கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் பதம்தான் செதுக்கும் பதம்.

செதுக்குவதற்கு முன்னால் இன்னொன்றை முடிவுசெய்ய வேண்டியிருந்தது: வண்ணமா, கறுப்பு மட்டுமா? வண்ண லினோவில் ஒரே பிளாக்கை, அதாவது செதுக்கும் லினோ பலகையை, வைத்துப் பல வண்ணம் அடிக்கும் முறை ஒன்று உண்டு. வெளிர் வண்ணத்தை முதலில் அச்சடித்து, அந்த வண்ணமாகவே இருக்க வேண்டிய இடங்களைச் செதுக்கி எறிந்துவிட்டு, அடுத்த அடர் வண்ணத்தை மேலே அடிக்க வேண்டும். இப்படியே பிளாக் தேய்ந்துகொண்டே போகும்; கடைசி வண்ணத்துக்கு வரும்போது கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும். திரும்ப முதலிலிருந்து அடிக்க முடியாது. பிக்காசோ 1958இல், வியன்னாவில் இருக்கும், ஓவியர் இளைய கிரானக்கின் பெண் உருவப்படத்தைத் தபால் அட்டையில் பார்த்துப் பல பிளாக்குகளில் வண்ண லினோகட் செய்தார். பிளாக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது பெரும்பாடாக இருந்தது. அதன் பிறகுதான் வலோரிஸ் ஊரில் ஹிதால்கோ அர்நேராவின் அச்சகத்தோடு சேர்ந்து இந்த ஒற்றை பிளாக் முறைக்குப் போனார்.

மலைக்காட்சிக்கு இந்த முறை அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். எட்டத்து மலை வெளிர், கிட்டத்து மலை அடர். முதலில் வானம், பிறகு கடைசி முகடு, அதற்கு முந்தையது என்று அடிவானத்திலிருந்து நம் காலடியை நோக்கி அச்சடித்துக்கொண்டே வந்துவிடலாம். இவ்வளவு பொருத்தமாக இருப்பதாலேயே அதை விட்டேன். அங்கே தூரத்தை உண்டாக்குவது மைப்புட்டி; உளிக்கு வேலி போடும் வேலை மட்டும்தான் மிஞ்சும். உளியால் தூரம் காட்ட முடியுமா என்பதுதானே கேள்வி. அதனால் ஒரு பிளாக், ஒரு கறுப்பு.

கறுப்பு மட்டும் வைத்துக்கொண்டு சாம்பலை ஏமாற்றிக் காட்டுவது கண்ணின் பலவீனத்தை நம்பிய வேலை. நெருங்கிக் கிடக்கும் கறுப்பு, வெள்ளைக் கோடுகளைக் கண் தனித்தனியாக எண்ணாது, கலந்து சாம்பலாக்கிக்கொள்ளும். கே.எம். ஆதிமூலத்தின் கறுப்பு மைக் கோட்டோவியங்களைப் பார்த்து வளர்ந்த தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல. கோடுகளை நெருக்கினால் நிழல், தளர்த்தினால் வெளிச்சம். ஆனால் பேனா வெள்ளைத் தாளில் கறுப்பைப் போடுகிறது. உளி கறுப்பிலிருந்து வெள்ளையை எடுக்கிறது. பேனாவில் கோடு என்பது போட்டது. லினோவில் கோடு இரண்டு வகை: எடுத்த கோடு ஒன்று, எடுக்காமல் விட்ட கோடு ஒன்று. மலைக்கான திறவுகோலை நான் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கண்டேன்.

கிட்டத்து மலையில் பெரும்பகுதி கறுப்பாகவே கிடக்கட்டும். அதில் அங்கங்கே வெள்ளைக் கோடுகளை எடுக்கலாம். பேசுவது எடுத்த கோடு. கடைசி மலையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மெல்லிய கறுப்புக் கோடுகளை மட்டும் விட வேண்டும். பேசுவது விட்ட கோடு. நடுவில் இருக்கும் ஏதோ ஒரு மலையில் இந்த மாற்றம் நடந்தாக வேண்டும். கறுப்பு நிலத்தில் வெள்ளைக் கோடாக இருந்தது வெள்ளை நிலத்தில் கறுப்புக் கோடாக மாறும் அந்த இடத்தில் கறுப்பும் வெள்ளையும் சம அகலம். அந்தச் சமநிலையை நடு மலையில் ஒரே கோட்டில் வைத்தால் தையல் போட்டது தெரியும். மலையின் குறுக்கே, சரிவுகளில் கலைத்துப் போட்டால் கண் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும். படத்திலேயே அதிகப் பொறுமை கேட்ட இடம் அதுதான். ஓவியத்தில் யாரும் கவனிக்காத மலையும் அதுதான்.

மலைகளுக்கு இடையில் தேங்கும் பனிக்கு, வி (V) வடிவ முனையுள்ள வி உளி கைகொடுத்தது. வி உளியை மேலோட்டமாக ஓட்டினால் மயிரிழைக் கோடு. அழுத்த அழுத்தக் கோடு அகலமாகும். முகட்டில் மெல்லத் தொடங்கி, கீழே இறங்க இறங்க அழுத்தம் கூட்டினால் வெள்ளைக் கோடு விரிந்துகொண்டே வரும். பக்கத்துக் கோடும் அப்படியே விரிந்து வர, அடிவாரத்தில் இரண்டும் தொட்டுக்கொள்ளும்; நடுவில் இருந்த கறுப்பு ஊசிமுனையாகக் குறுகி மறைந்துவிடும். நண்பர் ஈரத்தாளில் வண்ணத்தைக் கரையவிட்ட இடத்தில் நான் கறுப்பைக் கூராக்கி முடித்தேன். முகட்டுக் கோடு கறாராகவும் அடிவாரம் கரைந்தும் இருந்தால்தான் அது மலை. அடிவாரமும் கறாராக இருந்தால் அட்டையில் வெட்டி நிறுத்திய மலை.

கோட்டின் திசையும் தூரத்தைச் சொல்லும். கிட்டத்துச் சரிவில் கோடுகள் நிலம் விழும் திசையில் விழ வேண்டும். அப்போதுதான் காலை ஊன்றி இறங்கலாம் என்று தோன்றும். எட்டப் போகப் போக அந்தச் சரிவை மறந்துவிட்டுக் கோடுகளைக் கிடைமட்டமாக்கினேன். அவ்வளவு தூரத்தில் சரிவு தெரியாது. படுத்துக் கிடக்கும் பனி மட்டும்தான் தெரியும். சாமைக் கொல்லைகளில் மட்டும் திசையை ஓயாமல் மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு படிக்கும் வரப்பு ஒரு கோணத்தில் வளைகிறது. சிறு யூ உளியால் குத்திக் குத்தி எடுத்த சின்ன வெட்டுகள் கதிர் சாய்ந்த கொல்லையாக மாறின. வரப்புகளின் வளைவு கண்ணை வீட்டுக்கும், வீட்டிலிருந்து பள்ளத்துக்கும், பள்ளத்திலிருந்து முதல் மலைக்கும் கூட்டிப்போகிறது.

இங்கே பக்கத்து ஊரைப் பற்றிய பழைய பாட்டு ஒன்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம் 583 அடிகளில் வழி சொல்லும் பாட்டு. பரிசில் தேடிப் போகும் கூத்தருக்கு, இந்த வழியாகப் போனால் இது வரும், அதைத் தாண்டினால் அது வரும் என்று சொல்லிக்கொண்டே போகிறது. அங்கே தூரம் என்பது மங்கல் அல்ல. கடந்துபோக வேண்டியவற்றின் வரிசை. தண்ணீரும் அமிலமும் இல்லாத செதுக்குகாரருக்கு இந்த வழி மிகவும் உதவும். சாம்பலால் தூரத்தைக் காட்ட முடியாத இடத்தில், கண்ணை நடக்கவிட்டுக் காட்டலாம். அதனால்தான் ஓவியத்தில் பாதி மறைந்திருந்த வரப்புகளை நான் துலக்கினேன், ஓவியத்தில் நன்றாகத் தெரிந்த சாலையை விட்டுவிட்டேன். சாலை கண்ணைப் படத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனது.

இடவல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். பிளாக்கில் இடப்பக்கம் இருப்பது தாளில் வலப்பக்கம் விழும். முகமறியாத காட்சி என்றால் பாதகமில்லை. ஊர்க்காரர்கள் அறிந்த மலைக்கு அது ஆகாது. போளூர்ப் பக்கம் ஆலங்காயத்துப் பக்கமாகிவிடும், காலை வெயில் மாலை வெயிலாகிவிடும். ஓவியத்தை டிரேசிங் தாளில் எடுத்து, தாளைக் கவிழ்த்து வைத்துக் கார்பன் மூலம் பிளாக்குக்கு மாற்றினேன். செதுக்கும்போது ஓவியத்தை நேராகப் பார்க்காமல் கண்ணாடியில் பார்த்தேன். இதில் எதிர்பாராத ஒரு லாபம் உண்டு. இடவலம் மாற்றிப் பார்க்கும்போது மலை மலையாகத் தெரியாது, கறுப்பு வெள்ளைத் துண்டுகளாகத் தெரியும். கை பழக்கத்தில் வரைவதை விட்டுவிட்டுக் கண்ணுக்குத் தெரிவதைச் செதுக்கும்.

கூர் மழுங்கிய உளி வெட்டாது, கிழிக்கும். எட்டத்து மலையின் மெல்லிய கறுப்புக் கோடுகள் கிழிசலைத் தாங்கா. ஒன்று உடைந்தால் முகட்டில் ஓட்டை. அதனால் தோல் பட்டையில் பாலிஷ் தடவி, கூர் போவதற்கு முன்பே உளியைத் தீட்டிக்கொள்வது வழக்கம். வளைவு வரும்போது உளியைத் திருப்பாமல் பிளாக்கைத் திருப்ப வேண்டும். இடது கை எப்போதும் உளிக்குப் பின்னால். கற்றுக்கொடுக்கிறவர்கள் முதல் நாளே சொல்லும் விதி இது. விரலைக் காப்பாற்றுவதோடு கோட்டையும் காப்பாற்றும், ஏனென்றால் பயப்படாத கைதான் ஒரே இழுப்பில் கோட்டை முடிக்கும்.

அச்சடிக்கும்போது பழைய சிக்கல் புதிய உருவத்தில் வரும். கிட்டத்துப் பாறையும் புளியமரமும் கன்னங்கறுப்பாக விழ மை தாராளமாக வேண்டும். அதே மை எட்டத்து மலையின் மெல்லிய வெள்ளை இடைவெளிகளில் வழிந்து அடைத்துக்கொள்ளும். ரோலர் ஒன்று, மை ஒன்று, தேவை இரண்டு. இதற்கு இங்கிலாந்தில் தாமஸ் பியூயிக், டேனியல்களின் காலத்திலேயே, மரச்செதுக்கலில் ஒரு தீர்வு கண்டிருந்தார். எட்டத்துக் காட்சி வரும் இடத்தில் மரத்தின் பரப்பையே கொஞ்சம் சுரண்டித் தாழ்த்திவிடுவார். அங்கே அழுத்தம் குறைந்து கோடு மங்கலாக விழும். ஜப்பானிய அச்சோவியர்கள் வேறு வழி கண்டார்கள். பிளாக்கின் மேல் நிறத்தை ஈரத்தோடு துடைத்து இறக்கி, அடர்த்தியிலிருந்து வெளிறலுக்குப் படிப்படியாகக் கொண்டுபோனார்கள்.

நான் கையின் எடையை நம்பினேன். பிரஸ்ஸில் கொடுத்தால் உருளை எல்லா இடத்தையும் ஒரே மாதிரி அழுத்தும். கையால் தேய்த்து அச்சடித்தால், எந்த இடத்தை எவ்வளவு அழுத்துவது என்பது நம் கையில். மையை மெல்லியதாக, பலமுறை உருட்டி ஏற்ற வேண்டும். கண்ணாடிப் பலகையில் ரோலர் ஓடும்போது ஈரமாகச் சளசளத்தால் மை அதிகம். மெல்லிய சீறலாகக் கேட்டால் பதம். தாளை மேலே போட்டு, மரக்கரண்டியின் முதுகால் தேய்க்க வேண்டும். பாறையும் மரமும் இருக்கும் இடத்தில் உடல் எடை முழுவதும்; நடு மலையில் மணிக்கட்டின் எடை; கடைசி மலையில் கரண்டியின் எடை மட்டும். கனமான கைக்காகிதம் இதற்கு ஒத்துவராது, அதற்குப் பிரஸ் வேண்டும். நீண்ட நார் உள்ள மெல்லிய தாள்தான் கரண்டியின் சொல் கேட்கும். தேய்க்கத் தேய்க்கத் தாளின் முதுகில் படம் லேசாகத் தெரிய வரும். எங்கே போதும், எங்கே இன்னும் வேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். மலையில் மழைக்காலத்து ஈரத்தில் எண்ணெய் மை காய நெடுநேரம் பிடிக்கும். அடுக்கி வைக்காமல் கொடியில் தொங்கவிடுவதுதான் வழி.

முதல் ப்ரூஃப், அதாவது சோதனை அச்சு, ஒரு கேள்வித்தாள். அதை எடுத்துக்கொண்டு மலைக்கே போவது என் வழக்கம். ஜமுனாமரத்தூர் டீக்கடையில் அதை விரித்தபோது, சாமை மூட்டையோடு வந்திருந்த பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்தார். “நம்ம மலைதான் சார். ஆனா பின்னால இருக்கறது முன்னால வந்து நிக்குதே” என்றார். ஓவியம் படித்தவர்கள் அரை மணி நேரம் பேசிச் சொல்லும் விமர்சனத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். எந்த மலை என்று விரலை வைத்தும் காட்டினார். அந்த முகட்டில் கறுப்புக் கோடுகளின் எண்ணிக்கை குறைவுதான். ஆனால் ஒவ்வொன்றும் தடிமன். சாம்பலின் அளவு சரியாக இருந்தும் கோடு தடித்திருந்ததால் மலை முன்னால் வந்துவிட்டது. கோட்டின் தடிமனையே கண் ஒரு விவரமாக எடுத்துக்கொள்கிறது என்பது அதிலிருந்து புரிந்தது. அடுத்த ப்ரூஃபுக்கு முன் அங்கே கோடுகளை இன்னும் மெலியவைத்தேன். மலை தன் இடத்துக்குப் போய்விட்டது. லினோவில் எடுத்ததைத் திரும்பவைக்க முடியாது என்பதால், முதல் ப்ரூஃபில் எப்போதும் கொஞ்சம் அதிகக் கறுப்பு இருக்கும்படி வைத்துக்கொள்வது நல்லது. திருத்தத்துக்கு இடம் கறுப்பில்தான் இருக்கிறது.

ஆக, லினோவின் அளவுகோல் இதுதான்: கோட்டின் தடிமன், கோடுகளின் இடைவெளி, எடுத்த கோடு விட்ட கோடாக மாறும் இடம், கடைசியாகக் கையின் எடை. நண்பரின் தண்ணீருக்கும் டேனியல்களின் நேரத்துக்கும் ஈடாக என்னிடம் இருந்தவை இந்த நான்கும். அச்சைப் பார்த்த நண்பர் தன் ஓவியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எந்த வளைவில் உட்கார்ந்து செதுக்கினீர்கள் என்று கேட்டார். ஓவியத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் மலையின் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஓவியத்திலிருந்து பிறந்த லினோகட்டை அப்படித்தான் சோதிக்க வேண்டும்.

லினோவுக்கு ஓவியம் தேடும் மாணவர்களிடம் பொதுவாக, வெயிலும் நிழலும் பளிச்சென்று பிரிந்த படமாக எடுத்துக்கொள் என்றுதான் சொல்வார்கள். கைப்பழக்கத்துக்கு அது சரி. ஆனால் அப்படிப்பட்ட படம் ஏற்கெனவே பாதி லினோகட். உளிக்குப் புதிதாக யோசிக்க ஒன்றும் இருக்காது. ஒரு முறையாவது பனி மூடிய படத்தை எடுத்துப் பாருங்கள். முழு பிளாக்கில் கை வைப்பதற்கு முன், மிச்சத் துண்டு ஒன்றில் மூன்று பட்டைகள் மட்டும் செதுக்குங்கள்: கிட்டம், நடு, எட்டம். மரம் வேண்டாம், வீடு வேண்டாம், வெறும் கோடுகள். அச்சடித்து, சுவரில் ஒட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். மூன்றாவது பட்டை முதலாவதற்குப் பின்னால் போயிருந்தால் பிளாக்கைத் தொடலாம். போகவில்லை என்றால், உளியை வைத்துவிட்டு வெளியே போய் இன்னொரு முறை மலையைப் பாருங்கள்.